விண்டோஸ் டிரைவைக் கழற்றினால் உபுண்டுவும் பூட் ஆகவில்லை, ஏன்?

விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டி டிரைவில், லினக்ஸ் வகையான உபுண்டு இன்னொன்றில். இரண்டும் தனித்தனியாக இருந்தும் விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றினால் உபுண்டுவும் படுத்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உபுண்டு இரண்டாவது டிரைவில்தான் பத்திரமாக இருக்கிறது. அதை எழுப்பிவிடும் பூட்லோடர் மட்டும் விண்டோஸ் டிரைவில் குடியிருக்கிறது. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலருக்கு இப்படி ஒரு குணம் உண்டு: பூட்லோடருக்கு எந்த டிரைவை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் கண்டுகொள்ளாமல், முதலில் கண்ணில் பட்ட இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட்லோடர்களுக்கென்று ஒதுக்கிய சிறு பகுதி) போட்டுவிடும். அது பெரும்பாலும் விண்டோஸுடையதாகத்தான் இருக்கும்.

கோலாலம்பூர் செந்தூலில் என் மச்சான் வீட்டு டெஸ்க்டாப்பிலும் இதே கதை. லோ யாட் பிளாசா கணினி மாலில் வாங்கிய புது எஸ்எஸ்டியில் உபுண்டு போட்டார்; விண்டோஸ் இருந்த பழையதை மகனின் லேப்டாப்புக்கு மாற்றலாம் என்று கழற்றியதும் திரை கறுப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் ஃபார்மட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் ஒரு கடையில். தேவையே இல்லை.

கழற்றியதைத் திரும்ப மாட்டி உபுண்டுவுக்குள் போங்கள். டிரைவைக் கழற்றியதுமே சில மதர்போர்டுகள் உபுண்டுவின் பெயரைத் தங்கள் பூட் பட்டியலிலிருந்து அழித்துவிடும்; அப்படியானால் லைவ் யுஎஸ்பிதான் (உபுண்டுவை நேராக ஓட்டும் பென்டிரைவ்) வழி. டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, 'பூட்' கோப்புறைக்குள் உள்ள 'இஎஃப்ஐ' எந்த டிரைவில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் டிரைவைக் காட்டினால் நோய் இதுவேதான்.

பேக்கப் எடுத்துவிட்டு, லைவ் யுஎஸ்பியில் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் செயலி மூலம் உபுண்டு பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்குங்கள். கிடைத்த இடத்தில் 512 எம்பிக்கு ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று; இதுதான் புது இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று காட்டும் 'இஎஸ்பி' அடையாளம் அதற்குக் கட்டாயம், பலரும் மறப்பது இதைத்தான். அப்புறம் உபுண்டுவில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, பழைய இஎஃப்ஐ வரியில் புதியதன் யுயுஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) எழுதுங்கள். பழையதை அன்மவுண்ட் செய்து புதியதை மவுண்ட் செய்தபின், உபுண்டுவின் பூட்லோடரான கிரப்புக்கு கிரப் இன்ஸ்டால், கிரப் அப்டேட் கட்டளைகளை ஓட்டுங்கள். விண்டோஸ் டிரைவில் மிச்சமிருக்கும் 'உபுண்டு' கோப்புறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் உள்ள 'மைக்ரோசாஃப்ட்' கோப்புறையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் தொடங்கும் முன் விண்டோஸ் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். பூட் அமைப்பு மாறினால் அது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தால் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிரப் மெனுவில் விண்டோஸ் காணாமல் போனால் பதற வேண்டாம். 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வசதியை கிரப் இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. நானாக இருந்தால் அதை இயக்கவே மாட்டேன். மதர்போர்டின் பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுப்பேன்: எம்எஸ்ஐ என்றால் எஃப்11, ஆசுஸ் மதர்போர்டு என்றால் எஃப்8. ஒன்று கெட்டாலும் மற்றது ஓட வேண்டும் என்றுதானே இரண்டு டிரைவ் வாங்கினோம்?

சரி, அடுத்து விண்டோஸில் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் நிற்கும். போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதை மலேசிய நேரம் என்று படிப்பதால் வரும் குழப்பம். (1982க்கு முன் கோலாலம்பூரில் இந்த வித்தியாசம் ஏழரை மணி, கணினிக்கு ஏழரை பிடித்தது என்றே சொல்லியிருப்போம்.) உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதும்.