விழுங்க முடியாத நோயும் வாய்வழிச் சிகிச்சையும்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம்: தங்கைக்கு வயது 34. கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் சோற்றை இறக்குகிறாள். விடியற்காலையில் தலையணையில் இரவு உண்ட சோறு கிடக்கிறது. 'அக்கலேசியா' என்கிறார்கள். வயிற்றில் கத்தி வைக்காமல் குணப்படுத்தலாமா?

பதில்: உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால், அத்தசை இறுகியே நிற்பதுதான் இந்நோய். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில், மேலே அகன்ற குழாய் கீழே பறவையின் அலகு போலக் கூம்பியிருக்கும். வயிற்றைத் திறக்காமல் சரிசெய்யும் 'போயம்' முறையை ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே 2008இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். முழு மயக்கத்தில், கேமரா பொருத்திய வளையும் குழாயான எண்டோஸ்கோப்பை வாய்வழியே செலுத்தி, உட்சவ்வில் சிறு கீறலிட்டு, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போல வழி அமைத்து, அதனுள் சென்று இறுகிய தசையை அறுத்து, வெளிவரும்போது கீறலைக் கிளிப்புகளால் மூடுகிறோம். அழிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை என்பதால், வழி திறந்த பிறகும் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, நிதானமாகவே உண்ண வேண்டும். குழாயில் பழைய உணவு தேங்கியிருக்கும் என்பதால், எண்டோஸ்கோப்பிக்கு முன் வழக்கமான பட்டினி அவருக்குப் போதாமல் போகலாம். எத்தனை நாள் நீராகாரம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

திருப்பூர்: பான்டோபிரசோல் எப்போது சாப்பிடுவது?

பதில்: அமிலச் சுரப்பைக் குறைக்கும் இம்மாத்திரையை, காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு.

பல்லடம்: லேப்ராஸ்கோப்பியை ஏன் சொல்லவில்லை? என் மாமா அதில்தான் குணமானார்.

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. வயிற்றில் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே இதே தசையை அறுப்பதுதான் லேப்ராஸ்கோப்பி. 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 221 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, விழுங்கும் சிரமம் நீங்கியதில் இரு முறைகளும் ஏறக்குறைய சமமாகவே நின்றன. ஆனால் அமிலம் மேலேறி உண்டாக்கும் உணவுக்குழாய்ப் புண், போயம் செய்தவர்களில் 44 சதவீதமாகவும், லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 29 சதவீதமாகவும் இருந்தது. லேப்ராஸ்கோப்பியில் தசையை அறுத்ததோடு இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தைத்து அமிலத்துக்குத் தடை போட முடிகிறது என்பதே இதற்குக் காரணம்.

கோபிசெட்டிபாளையம் (மீண்டும்): தழும்பே விழாதது மேல் அல்லவா?

பதில்: தழும்பை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அம்மணி. உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானி சோதனை தங்கைக்கு எந்த வகை அக்கலேசியா என்று காட்டும். குழாயின் தசை இழுத்துப் பிடிக்கும் மூன்றாம் வகையில் நீண்ட தூரம் தசையை அறுக்க வேண்டியிருப்பதால், அங்கே போயத்தையே நான் முதலில் சொல்வேன்.

ஈரோடு: சாயப்பட்டறையில் ஒருவர் தண்ணீர் என்று ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஏறும்போது அது மறுபடியும் சுடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பிற்பாடு குழாய் சுருங்கினால், எண்டோஸ்கோப்பி வழியே பல தவணைகளில் விரிக்க வேண்டியிருக்கும்.

காங்கேயம்: நெஞ்செரிச்சலுக்கு நல்ல மாத்திரை?

பதில்: இன்று இக்கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால், மாத்திரைக் கடைக்குப் போகாமல் எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள். மாத்திரை எரிச்சலை அடக்கிவிடும். உள்ளே வளரும் புற்றுநோயை அது அடக்காது.

பொள்ளாச்சி: தோப்பில் ஏறி இறங்கி நடக்கும்போதெல்லாம் அப்பாவுக்கு நெஞ்செரிச்சலும் வியர்வையும் வருகின்றன. எண்டோஸ்கோப்பி செய்யலாமா?

பதில்: இது இதய நோயாக இருக்கக்கூடும். இப்போதே ஈசிஜி எடுக்க அழைத்துச் செல்லுங்கள்.