1977 போர்ட்: ஒரே ஆண்டு, எட்டு பாட்டில்கள்

1977 விண்டேஜ் போர்ட் ஒயினில் (விண்டேஜ் என்றால் ஒரே ஆண்டு விளைச்சலில் செய்தது) எட்டு நிறுவனங்களின் பாட்டில்களை ஒரே மேசையில் திறந்து ஒப்பிட்டோம் என்று சொன்னதும் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. டெய்லர், ஃபொன்செகா, கிரஹாம், டவ், வார், ஸ்மித் வுட்ஹவுஸ், கூல்ட் கேம்ப்பெல், சாண்ட்மன் ஆகியவைதான் அந்த எட்டு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கோவாவில் போர்ட் ஒயின் என்று வாங்கிக் குடித்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானா சார்?

பெயர் மட்டும்தான் ஒன்று. கோவாவில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இனிப்பான சிவப்பு ஒயின். உண்மையான போர்ட் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் செய்வது. அந்தப் பகுதிக்கு 1756-லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். சாறு இரண்டு மூன்று நாள் நொதித்ததும், சர்க்கரை பாதி மிச்சமிருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவார்கள். பழைய கணக்குப்படி 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர் சாராயம்; சேர்ந்தால் 550 லிட்டர், ஒரு பீப்பாய். அதனால்தான் இனிப்பும் இருக்கிறது, 20 சதவீத ஆல்கஹாலும் இருக்கிறது.

விண்டேஜ் போர்ட் ஏன் எல்லா ஆண்டும் வருவதில்லை?

விளைச்சல் மிகச் சிறப்பாக இருந்தால்தான் ஒரு நிறுவனம் அந்த ஆண்டை 'டிக்ளேர்' செய்யும், அதாவது விண்டேஜ் என்று அறிவிக்கும். பத்து ஆண்டுக்கு மூன்று முறை என்பது பொதுவான வழக்கம். 1977-ல் கோடை குளிர்ச்சியாகப் போய், செப்டம்பர் வெயில் வந்து காப்பாற்றியது. பெரும்பாலான நிறுவனங்கள் டிக்ளேர் செய்தன, காக்பர்ன் செய்யவில்லை. அந்த ஆண்டு ஒயினை 1979-ல் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தார்கள். மிச்சமெல்லாம் பாட்டிலுக்குள் நடந்த வளர்ச்சி.

ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வெயில், ஒரே ஆண்டு. பிறகு எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? டவ், கிரஹாம், வார் மூன்றும் ஒரே குடும்பத்துடையதுதானே?

நல்ல கேள்வி. 1977-லேயே அந்த மூன்றும் சிமிங்டன் குடும்பத்திடம்தான் இருந்தன. கிரஹாம் 1970-ல் வந்து சேர்ந்தது. டெய்லரும் ஃபொன்செகாவும் 1948 முதல் ஒரே உரிமையில். ஆனாலும் ருசியில் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், வியாபாரத்துக்கும் அதுதான் நல்லது.

முதல் காரணம் தோட்டம். டெய்லரின் முதுகெலும்பு வர்ஜெலாஸ் தோட்டம். டோரோ ஆற்றின் மேல்பகுதியில், ஸ்பெயின் பக்கமாக உள்ளது. டவ்வின் பொம்ஃபிம் தோட்டம் பின்யாவ் ஊரை ஒட்டி நடுப்பகுதியில் இருக்கிறது. இரண்டாவது, நொதிப்பை எப்போது நிறுத்துகிறார்கள் என்பது. டவ்வில் கொஞ்சம் தாமதமாக நிறுத்துவார்கள். சர்க்கரை குறையும், முடிவு (விழுங்கிய பின் நாக்கில் நிற்கும் ருசி) இனிப்புக் குறைந்து வறட்சியாக இருக்கும். கிரஹாம் அதற்கு நேர் எதிர். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால் புதியவருக்குக்கூட உடனே தெரியும்.

மூன்றாவது, சாறு பிழியும் முறை. டோரோவில் கருங்கல் தொட்டிகளில் ஆட்கள் இறங்கி, தோள்மேல் கைபோட்டுக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். 1960-களில் ஆள் கிடைக்காமல் போனது. பல தோட்டங்களில் மின்சாரமும் இல்லை. அப்போது சிமிங்டன் போன்றோர், நொதிப்பில் வரும் வாயுவின் அழுத்தத்தாலேயே சாறு மேலேறித் தோலின்மேல் கொட்டும் தொட்டிகளுக்கு மாறினார்கள். வர்ஜெலாஸில் கால்மிதி தொடர்ந்தது. மிதித்தால்தான் போர்ட் என்று சத்தியம் செய்பவர்கள் 1977 டவ்வை ஒருமுறை குடித்துப் பார்க்கலாம்.

சரி, எட்டில் எது முதலிடம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணா.

அன்று எனக்கு ஃபொன்செகா. கறுப்புப் பழம், சாக்லேட், நாக்கை முழுக்க மூடும் கொழுப்பு போன்ற வழவழப்பு, ஆனால் முடிவில் தெளிவு. அடுத்து டவ். விலையைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஸ்மித் வுட்ஹவுஸ். பெயர் சின்னது, சரக்கு சின்னதில்லை.

ஆனால் இதை வைத்து நிறுவனங்களுக்கு ராங்க் போடாதீர்கள். அரை நூற்றாண்டை நெருங்கும் ஒயினில் நாம் முதலில் ருசிப்பது பாட்டிலைத்தான், நிறுவனத்தை அப்புறம்தான். எந்த நிலவறையில் எத்தனை டிகிரியில் கிடந்தது, கார்க் எப்படிப் பிடித்தது, எத்தனை கை மாறியது, எல்லாம் கிளாஸில் தெரியும். எட்டில் ஒன்று ஈரமான அட்டைப்பெட்டி வாசனை அடித்தது. எது என்று சொல்ல மாட்டேன், தவறு கார்க்கினுடையது. முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில் வையுங்கள். பர்ஸ் தாங்காது என்றால் எட்டுக்குப் பதில் நான்கு நிறுவனம், தலா இரண்டு. அது இன்னும் நேர்மையான ஒப்பீடு.

என்னிடம் உள்ள 1970 பாட்டிலின் லேபிளில் லண்டன் கடைக்காரர் பெயர் இருக்கிறது. போலியா?

பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் பீப்பாயாகவே இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்குள்ள வியாபாரிகள் பாட்டிலில் அடைப்பார்கள். 1970-களின் நடுவில் அது நின்று, விண்டேஜ் முழுவதும் போர்ச்சுகலிலேயே அடைக்க வேண்டும் என்றானது. ஆக, 1970-ஐ ஒப்பிட்டால் அடைத்தவரும் ஒரு காரணி. 1977-ல் அந்தத் தலைவலி இல்லை.

பழைய கார்க் பொடிப்பொடியாக உடைந்துவிடுகிறது. என்ன செய்வது?

ஒருநாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். சாதாரணத் திருகாணியை விட்டுவிட்டு, இரண்டு மெல்லிய தகடு கொண்ட கார்க் எடுப்பானைப் பயன்படுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் போர்ட் இடுக்கி. பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கார்க்குக்குக் கீழே கழுத்தைக் கவ்விப் பிடித்து, எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை வைத்தால், 'டக்' என்று கழுத்து வட்டமாகக் கழன்று வரும். முதல்முறை செய்பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளவும்.

டிகேன்டரில் (ஒயின் ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே ஒரு டார்ச். முதலில் ஒயின் செங்கல் சிவப்பில் தெளிவாக ஓடும். கடைசியில் தோள்பட்டை வளைவில் கறுப்பாக ஒரு புகைபோல வண்டல் நகர்ந்து வரும். அது கழுத்தைத் தொடும்முன் நிறுத்திவிடுங்கள். அரைக் கப் வீணாகும், போகட்டும். பாட்டிலைக் கழுவி, அதே ஒயினைத் திரும்ப ஊற்றி, எது எந்த நிறுவனம் என்று தெரியாமல் ருசிக்க, பெயரை மறைத்து எண் ஒட்டி வையுங்கள். எண் போடுபவர் ருசிபார்க்கக் கூடாது.

எத்தனை பேர் உட்காரலாம்? போதை ஏறாதா?

வண்டல் போக 700 மில்லி என்றால் ஆளுக்கு 50 மில்லி வீதம் 14 பேர். எட்டு ஒயின் சேர்ந்து 400 மில்லி. அதில் 80 மில்லி சுத்த ஆல்கஹால். துப்பும் பாத்திரம் வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. வண்டி ஓட்டி வருபவர் துப்பினாலும் டாக்ஸியில் போகட்டும்.

தொட்டுக்கொள்ள?

ருசிபார்க்கும்போது தண்ணீரும் வெறும் ரொட்டியும். ஸ்டில்டன் சீஸ், வால்நட் எல்லாம் அப்புறம்.

நாங்கள் முதல்முறையாக நடத்துகிறோம். 1977-ஐவிட 1994 அல்லது 2011 நல்லதா?

1994-ல் டெய்லருக்கும் ஃபொன்செகாவுக்கும் 'வைன் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை 100 புள்ளி கொடுத்தது. 2011 டவ்வை 2014-ன் சிறந்த ஒயின்கள் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. அந்தப் புள்ளிகள் விலையை ஏற்றியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. முதல்முறை என்றால் நான் 2011 என்பேன். பாட்டில்கள் இன்னும் அதிகம் கை மாறவில்லை, அதனால் நிறுவனங்களின் குணம் தெளிவாகத் தெரியும். துவர்ப்பு பலமாக இருக்கும். காலையிலேயே டிகேன்டரில் ஊற்றிவிட்டு மாலையில் குடியுங்கள். 1977-க்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

மிச்சமானதை எத்தனை நாள் வைக்கலாம்?

இந்த வயது ஒயின் என்றால் மறுநாள்வரை, ஃப்ரிட்ஜில். வாரக்கணக்கில் திறந்து வைத்துக் குடிக்க வேண்டுமென்றால் மரப்பீப்பாயில் முதிர்ந்த டானி வகையை வாங்குங்கள், 20 ஆண்டு டானி நன்றாகத் தாங்கும்.