மூணாறில் எங்கே தங்குவது, எங்கே நடப்பது? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மூணாறு பயணம் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேனி, குமுளி, பாலக்காடு, செங்கோட்டை என்று எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

“தீபாவளி முடிந்த வாரம் மூன்று நாள் போகிறோம். நாங்கள் இருவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 70 வயது மாமியார். சொந்தக் கார். கொழுக்குமலை சூரிய உதயமும் பார்க்க ஆசை. எங்கே அறை போடுவது? விளம்பரங்களில் எல்லாமே ‘மூணாறு’ என்றுதான் இருக்கிறது.” — வாசகி, உத்தமபாளையம்

விளம்பரத்தில் ‘மூணாறு’ என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். அறை எந்தப் பஞ்சாயத்தில் இருக்கிறது என்று போனில் கேளுங்கள். மூணாறு, தேவிகுளம், பள்ளிவாசல், சின்னக்கானல், வட்டவடை, மறையூர், காந்தளூர் எல்லாமே ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றில் சில ஒன்றுக்கொன்று ஒரு மணி, இரண்டு மணி நேரத் தொலைவு. மலிவாகக் கிடைக்கும் ரிசார்ட்டுகளில் நிறைய ஆனச்சால் பக்கம் இருக்கின்றன. அங்கே உயரம் குறைவு, குளிரும் குறைவு, சுற்றிலும் தேயிலையைவிட ஏலத்தோட்டம்தான் அதிகம். விடுமுறை நாளில் அங்கிருந்து பள்ளிவாசல் வழியாக மூணாறு டவுனுக்குள் நுழைவதற்குள் காலைப் பொழுது போய்விடும்.

நீங்கள் போடி வழியாக வருகிறீர்கள். போடிமெட்டு ஏறியதும் தொண்டிமலை, பூப்பாறை, ஆனையிறங்கல், பெரியகானல், கேப் ரோடு, தேவிகுளம், அதற்குப் பிறகுதான் மூணாறு. கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் சூரியநெல்லி இந்தச் சாலையில் மூணாறுக்கு வெகு முன்பே பிரிந்துவிடுகிறது. அதனால் முதல் இரவைச் சூரியநெல்லி அல்லது சின்னக்கானலில் வையுங்கள், அடுத்த இரவை மூணாறில். மூணாறில் தங்கிக்கொண்டு கொழுக்குமலை போக நினைத்தால், இரவு மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிப் பனிமூட்டத்தில் 25 கி.மீ. திரும்பி ஓட்ட வேண்டியிருக்கும். பலர் செய்யும் தவறு இது.

சூரியநெல்லியிலிருந்து ஜீப் அதிகாலை நாலு, நாலரை மணிக்குக் கிளம்பும். முந்தைய நாள் மாலையே பேசி வைத்துவிடுங்கள். சொந்தக் கார் அந்தப் பாதையில் ஏறாது. பத்துப் பன்னிரண்டு கி.மீ. முழுக்கக் கல்லும் குழியும். மாமியாரைத் தயவுசெய்து அதில் ஏற்றாதீர்கள். முழங்காலைவிட முதுகுதான் பாடுபடும். அறை சூரியநெல்லியிலேயே இருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கலாம், நீங்கள் ஒன்பது மணிக்குள் காலை உணவுக்குத் திரும்பிவிடலாம்.

கொழுக்குமலை ஏறத்தாழ 7,000 அடி. அங்குள்ள தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை மட்டும் கேரளம் வழியாக. காலடியில் பஞ்சுப் பொதி போல மேகம் கிடக்கும் காட்சிக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். அது தினமும் கிடைக்காது. மழை பெய்து தரை ஈரமாக இருந்து, இரவு வானம் தெளிந்து, காற்று அடங்கியிருந்தால் போடிப் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தேங்கி மேகம் கீழேயே படியும். முந்தைய மாலை மழை விட்டு நட்சத்திரம் தெரிந்தால் நம்பிப் போகலாம். காற்று பலமாக அடிக்கிற இரவென்றால் தூங்குவதே மேல்.

ஐப்பசியில் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். தென்மேற்குப் பருவமழை மூணாறு, பள்ளிவாசல் பக்கம் கொட்டும். வடகிழக்குப் பருவமழை போடிமெட்டு, சூரியநெல்லி, டாப் ஸ்டேஷன் என்று கிழக்கு விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். மதியத்துக்கு மேல்தான் மழை வலுக்கும் என்பதால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் காலையிலேயே ஏறிவிடுங்கள். திரும்பும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி, கருகிய வாடை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்தால் ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் இரும்பு விரிசல் விடும்.

அறை பேசும்போது கேட்க வேண்டியவை: கார் வாசல் வரை வருமா, கடைசி அரை கி.மீ. ஜீப் பாதையா? அறைக்கு எத்தனை படி? (‘வியூ’ உள்ள அறை என்றாலே நாற்பது, ஐம்பது படி இருக்கும், உங்கள் மாமியாருக்குச் சாலை மட்டத்து அறைதான் சரி.) வெந்நீர் நாள் முழுக்கவா, காலையில் மட்டுமா? மழை மாதமென்றால் ஒரு கேள்வி கூடுதல்: அறைக்குப் பின்னால் மலையை வெட்டிய மண்சுவர் இருக்கிறதா? இருந்தால் வேறு அறை கேளுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் (வரிசை வீடுகள்) புதைந்தன, 70 உயிர்கள் போயின. மண்சுவரில் புதிதாகக் கலங்கல் தண்ணீர் ஊறினாலோ, மரம் சாய்ந்து நின்றாலோ, தரையில் கீற்று விழுந்திருந்தாலோ இரவு என்றுகூடப் பார்க்காமல் வெளியேறிவிடுங்கள்.

மூணாறில் மாமியாருக்கு ஏற்றவை: மாட்டுப்பட்டி அணை, குண்டளை அணை, நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). மூன்றுமே அதிகம் நடக்காமல் பார்க்கலாம்.

“குரங்கணியிலிருந்து நடந்தே கொழுக்குமலையோ டாப் ஸ்டேஷனோ ஏறலாமா? கல்லூரி நண்பர்கள் ஆறு பேர். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் போகலாம் என்றிருக்கிறோம்.” — வாசகர், சின்னமனூர்

மார்ச்சில் வேண்டாம், தம்பி. அனுமதியும் கிடைக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம் என்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவிடும். 2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சரிவில் ஆளுயரப் புல் மாசி, பங்குனியில் சருகாய்க் காய்ந்து நிற்கும். தீ சமதரையைவிட ஏற்றத்தில் வேகமாக ஓடும், ஏனென்றால் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. பழக்கமில்லாதவர்கள் பதற்றத்தில் மேல்நோக்கித்தான் ஓடுவார்கள். அதுதான் உயிரைக் குடிக்கிறது. எந்த மலையிலும் புகை கண்டால் பக்கவாட்டில் விலகி, பாறைத்தரையையோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தையோ தேடுங்கள்.

மழைக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். தமிழ்நாடு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ 2024-இல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். குரங்கணி – சாம்பலாறு பாதை அந்தப் பட்டியலில் உண்டு. ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்பவரிடம் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயர்களும் தேதியும் அதில் இருக்க வேண்டும்.

டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்கள் பக்கத்துக் கதைதான். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கே கம்பிவடத்தில் தொங்கி, கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

“ஆனைமுடி ஏறலாமா? இல்லையென்றால் அந்த உயரத்தில் வேறு எந்த மலை?” — வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

2,695 மீட்டர் உயர ஆனைமுடி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு ஏற அனுமதி இல்லை. ராஜமலை வரை வனத்துறைப் பேருந்தில் போய், அங்கிருந்து போட்ட பாதையில் நடந்து வரையாடு பார்க்கலாம். நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள், முதல் பேருந்துகளில் போனால் ஆடுகள் சாலையோரத்திலேயே நிற்கும். ஆடு குட்டி போடும் பருவமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்கா மூடியிருக்கும். இது தெரியாமல் வந்து திரும்புகிறவர்கள் வருடாவருடம் உண்டு.

ஏறத்தான் வேண்டுமென்றால் மீசைப்புலிமலை, 2,640 மீட்டர். கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள். சைலன்ட்வேலி எஸ்டேட் வழியாக ஜீப்பில் போய், முகாமில் ஓர் இரவு தங்கி, காலையில் வழிகாட்டியோடு கிளம்ப வேண்டும். (இந்த சைலன்ட்வேலி தேயிலை எஸ்டேட். உங்கள் பாலக்காட்டு சைலன்ட்வேலிக் காடு வேறு.) செங்குத்தான பாறை ஏற்றம் கிடையாது, புல்மேடு ஒன்று ஏறினால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும். ஏற்றம் மூச்சு வாங்கும், ஆனால் இறக்கத்தில்தான் ஆள் விழுவது. புல் பனியில் நனைந்து எண்ணெய் பூசியது போல வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ போதாது, ஆழமான பள்ளங்கள் உள்ளது வேண்டும். கட்டைவிரல் முன்னால் இடித்து நகம் கறுக்காமலிருக்க, முந்தைய நாளே நகத்தை ஒட்ட வெட்டி, இறங்கும்போது கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளிசாதம், நிலக்கடலை உருண்டை. மேலே காற்று வாங்கு வாங்கென்று வாங்கும். குடை உதவாது, மழைக்கோட்டு வேண்டும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரெடுக்க வைக்கும், மாற்றுச் சட்டை ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் வழியில் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவப்பாகப் பூத்திருக்கும்.

“மழைக்காலத்தில் அட்டைக்கு என்ன செய்வது? உப்புப் போடுவது சரிதானா?” — வாசகி, குமுளி

கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். விழும், ஆனால் விழுமுன் வயிற்றில் உள்ளதைப் புண்ணிலேயே கக்கிவிடும், சீழ் பிடிப்பது அதனால்தான். பிடித்து இழுப்பதும் தவறு. மெலிந்த முனைதான் வாய். அதன் பக்கத்தில் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, விரல் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் வாய் விட்டுவிடும். உடனே பருத்த முனைக்கும் அப்படியே செய்து சுண்டி எறியுங்கள், தாமதித்தால் உங்கள் விரலைப் பிடித்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள். இரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் மணிக்கணக்கில் கசியும்; பயப்பட வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அந்த மாதங்களில் காட்டுப்பாதையைத் தவிர்ப்பது நல்லது.

வராமல் தடுக்க, நெருக்கமாக நெய்த நீள சாக்ஸை பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டு, அதன்மேல் ஈர சோப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். புகையிலை ஊறிய தண்ணீரும் கேட்கும். ஈர இலைச்சருகில் நிற்காதீர்கள். நடக்கிறவரைவிட நிற்கிறவர்மேல்தான் அதிகம் ஏறும்.

“தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி நடக்கலாமா? எல்லோரும் படம் எடுக்கிறார்களே?” — வாசகர், செங்கோட்டை

அனுமதி இல்லாமல் கூடாது. மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் மாதிரி தெரியும், கீழே அப்படி இல்லை. மழைநீர் மண்ணை அரிக்காமலிருக்கச் சரிவின் குறுக்கே கான் (சிறு வாய்க்கால்) வெட்டியிருப்பார்கள். புல் மூடிக் கிடக்கும், கால் உள்ளே போனால் கணுக்கால் பிசகும். கவ்வாத்து வெட்டிய காட்டில் கிளைகள் முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டப்பட்டு ஈட்டி போல நிற்கும், தடுக்கி விழுந்தால் கிழித்துவிடும். மருந்தடித்த அன்று இலை தொட்டால் கை எரியும். அதிகாலையிலும் அந்தியிலும் வரிசைக்குள் காட்டுமாடு படுத்திருக்கும். முதுகு மட்டும் பாறை போலத் தெரியும்.

எஸ்டேட் ரோட்டில், சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடங்கள். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் தென் தமிழகத்திலிருந்து போய்த் தலைமுறைகள் ஆனவர்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு எடையைப் பொறுத்தும் கூலி உண்டு, வேலை நேரத்தில் நிறுத்திப் படத்துக்கு நிற்கச் சொல்லாதீர்கள். லயத்து வாசலில் துணி காய்வதைப் படமெடுப்பதும் அநாகரிகம்.

சின்னக்கானல் பக்கத்தில் அந்திக்கு மேல் எந்தத் தோட்டத்திலும் நடக்க வேண்டாம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்து இடம் மாற்றிவிட்டார்கள், மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன.

“குறிஞ்சி எப்போது?” — வாசகி, கம்பம்

இரவிகுளத்தில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. நடுவில் ‘குறிஞ்சி பூத்தது’ என்று வரும் படங்கள் பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சிகள். சில மலைகளில் நீலக்குறிஞ்சியே வேறு வருடத்தில் பூப்பதும் உண்டு. 2022-இல் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் பூத்தபோது உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய் வந்தார்கள். மறுபடி அப்படிச் செய்தி வந்தால் வார நாளில், காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். பூ பறித்தால் அபராதம்.