வாசிக்கப் பழகுற பிள்ளைங்களுக்கு மிருக நட்புக் கதை: கேளுங்க, சொல்றேன்

சின்னப் பிள்ளைங்களுக்கு தமிழ் வாசிக்க சொல்லித் தர்றதுதான் என் வேலை, கதையும் எழுதுவேன். வந்த கேள்விகள்ல சிலதுக்கு பதில் இதோ.

அக்கா, பொண்ணு ஒண்ணாவது, எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா கதைப் புக்கைத் திறந்தா ரெண்டாவது வரியிலயே மூடிடுறா. ஏன்?

அந்த ரெண்டாவது வரியைப் பாருங்கம்மா. "நண்பர்களிருவரும் மகிழ்ச்சியுடன் வாழ்ந்துகொண்டிருந்தனர்"னு இருக்கும். எழுத்து கூட்டிக்கூட்டி கடைசிக்கு வர்றதுக்குள்ள முதல் எழுத்து மறந்துடும், பாவம். இதைக் குடுத்துப் பாருங்க:

மாடு வந்தது. கொக்கும் வந்தது.
மாடு மேய்ந்தது. பூச்சி பறந்தது.
கொக்கு பிடித்தது. லபக்!

நட்புங்கிற வார்த்தையே இல்ல, ஆனா ரெண்டும் கூட்டாளின்னு பிள்ளைக்கு புரிஞ்சிடும். அந்த "லபக்"குக்காகவே மூணு தடவை படிப்பாங்க.

சிங்கமும் முயலும் பிரெண்ட்ஸ்னு எழுதினா என் பையன் "அது தின்னுடுமே"ங்கிறான், என்ன சொல்ல?

அவன் கேக்கறது கரெக்ட்தானே! நிஜத்துலயே கூட்டாளியா இருக்கிற மிருகங்க எவ்வளவோ இருக்கு, அதை எழுதுங்க. நம்ம காட்டுல புள்ளிமானும் சாம்பல் மந்தியும் இருக்கே, மந்தி மரத்துல தின்னுட்டு கீழ போடுற இலை, பழத்தையெல்லாம் மான் தின்னும், புலி வந்தா மேல இருந்து மந்தி முதல்ல பாத்து கத்தும், மானுக்கு மோப்பம் தட்டுச்சுன்னா அது கத்தும். இதுலயே பத்துப் பக்கக் கதை இருக்கு.

கென்யா கதையும் சொல்லுங்க. 2004 சுனாமி சமயத்துல தாயைப் பிரிஞ்ச ஒரு நீர்யானைக் குட்டியை மீட்டு மொம்பாசா பக்கத்துல ஹாலர் பார்க்ல விட்டாங்க. பேர் ஓவன். அது நேரா போய் எம்ஸீங்கிற பெரிய ஆமை பின்னாடி ஒண்டிக்கிச்சு. ஆமைக்கு வயசு சுமார் 130! எம்ஸீன்னா சுவாஹிலியில பெரியவர்னு அர்த்தம். முதல்ல ஆமை சீறிட்டு நகர்ந்து போச்சாம், குட்டி விடல. அப்புறம் சேர்ந்தே சாப்பாடு, சேர்ந்தே தூக்கம். எனக்குப் பிடிச்சதே அந்த சீறுன இடம்தான், நட்பு உடனே வந்துடல பாருங்க.

கடைசியில நீதி போடணுமா மேடம்?

வேணாம். நானும் ஒரு தடவை மாடு கொக்கு கதை முடிச்சு "என்ன கத்துக்கிட்டோம்?"னு கேட்டேன், ஒரு வாண்டு "மாட்டு மேல ஏறக்கூடாது மிஸ்"னான். அன்னைக்கோட நீதி கேக்கறதை விட்டுட்டேன்.

பேச்சுத் தமிழ்லயே எழுதலாமா?

பேசுற இடத்துல மட்டும். "வாடா, குளத்துக்குப் போலாம்"னு தவளை சொல்லட்டும், மீதி எழுத்துத் தமிழ்லயே சின்னச் சின்னதா இருக்கட்டும், ஸ்கூல் புக்கும் அப்படித்தானே.

பேரன் படத்தைப் பாத்தே வாசிக்கிற மாதிரி நடிக்கிறான்மா.

திட்டாதீங்க தாத்தா. படத்துல மான் நிக்கும், வரியில "குட்டி மான்"னு இருக்கும். விரல் வச்சு படிக்கச் சொல்லுங்க, "குட்டி"யை விட்டுட்டு "மான்"னு மட்டும் சொன்னா படத்தைத்தான் படிக்கிறான். "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே, அது யாரு?"ன்னு கேளுங்க, போதும்.