விரல் பழகிய இடம்: வாசகர் கேள்வி – பதில்

நான் குடியை விட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. மொபைல் போன் பழுதுபார்ப்பது என் தொழில். அதனாலோ என்னவோ, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி குடியைப் பற்றியும் பாதி போனைப் பற்றியும் இருக்கும். இந்த முறை இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. எழுதியவர்களின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடவில்லை. முதலில் அவசரமான கடிதம்.

கேள்வி: 18 வருடமாகத் தினமும் குடிக்கிறேன். இப்போதெல்லாம் காலையிலும் தேவைப்படுகிறது. குடிக்காத நாட்களை எண்ணும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுவிட்டேன். நாளை காலை முதல் ஒரு சொட்டுகூடத் தொடப்போவதில்லை. சரிதானே அண்ணா?

முடிவு சரி தம்பி. வழி ஆபத்தானது. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்றால், உங்கள் உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் மனக்குழப்பம், காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உடம்பு சம்பந்தப்பட்டது.

மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால் இதைத் தடுக்க மருந்து உண்டு. வைட்டமின் பி1 தருவார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்கும்போது வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் முடிவாகும். நாளை காலை போக வேண்டிய இடம் மருத்துவமனை. ஆப் எண்ணத் தொடங்குவது இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது. இதைப் படிப்பதற்குள் நிறுத்திவிட்டு, நடுக்கமும் வியர்வையும் ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: குடியை விட்டு 5 மாதம் ஆகிறது. ஆனால் இரவில் தூக்கம் வருவதில்லை. 2 மணி, 3 மணி வரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் க்ரூப்பில் தினமும் கிளாஸும் கையுமாகப் படங்கள் வருகின்றன. போன வாரம் ஒரு வீடியோவுக்கு நடுவே மது விளம்பரம் வந்தது. அன்று மனம் தடுமாறியதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டேனா?

இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். விடிய விடிய ரீல்ஸ் பார்த்ததால் ஓர் இரவு குடிக்காமல் கழிந்தது என்றால், அந்த இரவு உங்களுக்கு வெற்றிதான். தூக்கம் வராததும் உங்கள் தப்பில்லை. மது தூக்கத்தின் ஒழுங்கையே குலைத்து வைத்திருக்கும். விட்டபிறகு அது பழையபடி சீராகப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும்.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. குடியிலிருந்து மீண்டவர்களின் கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கைச் சொல்வார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். இரவு 3 மணிக்குப் போனும் கையுமாகப் படுத்திருக்கும் உங்களிடம் களைப்பும் தனிமையும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த நேரம் பார்த்துக் க்ரூப்பிலிருந்து ஒரு படம் வருகிறது. தடுமாறாமல் என்ன செய்யும்?

என் வேலை மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில மாடல் போன்களில் டிஸ்ப்ளேயைப் பிடித்திருக்கும் தகட்டில் நான்கைந்து ஸ்க்ரூ இருக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நீளம் மட்டும் மயிரிழை வித்தியாசப்படும். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் அது அடியில் இருக்கும் போர்டுக்குள் இறங்கி, உள்ளே ஓடும் செம்பு இழைகளை அறுத்துவிடும். இதற்காகவே காந்த விரிப்பு என்று ஒன்று விற்கிறது. அதில் போனின் படத்தை வரைந்து, கழற்றும்போதே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. எல்லாம் நினைவில் இருக்கும் என்ற நம்பிக்கை. ஒருநாள் காலை, கை நடுக்கம் நிற்காமலே உட்கார்ந்து ஒரு போனை மூடினேன். மாறிப்போட்டுவிட்டேன். போன் செத்தது. அதன் சொந்தக்காரர் சத்தம் போடவில்லை, போனையும் பார்க்கவில்லை. ட்வீசர் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகும் நான் விட இரண்டு வருடம் ஆனது.

இப்போது விரிப்பு இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றுவதில்லை. கை நிதானமாக இருக்கும்போது எல்லாவற்றையும் இடம் பார்த்து வைத்துவிட்டால், அப்புறம் கவனம் சிதறினாலும் விரிப்பு சொல்லிக் கொடுக்கும். போன் செட்டிங்ஸை நான் அப்படித்தான் பார்க்கிறேன். இரவு 3 மணிக்கு உங்களால் நல்ல முடிவு எடுக்க முடியாது. அந்த முடிவைப் பகல் 11 மணிக்கே எடுத்துப் போனுக்குள் வைத்துவிடுங்கள்.

முதலில் அந்தக் க்ரூப். மியூட் போட்டால் போதும் என்று மனம் சமாதானம் சொல்லும். போதாது, வெளியே வந்துவிடுங்கள். 2022 முதல் வாட்ஸ்அப்பில் க்ரூப்பை விட்டு வெளியேறினால் அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும், எல்லோருக்கும் தண்டோரா போடாது. அப்படியே பிரைவசி பகுதிக்குப் போய், உங்களைக் க்ரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். அதில் உங்களுக்கு உண்மையான நண்பர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அவர்களிடம் தனியாகப் பேசிச் சொல்லுங்கள்.

விளம்பரத்துக்கும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்ற பகுதியில் மது, சூதாட்டம் போன்ற தலைப்புகளில் விளம்பரம் குறைவாக வரட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். முழுக்க நின்றுவிடாது, ஆனால் நன்றாகக் குறையும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து அணைத்துவிட்டால், திறந்ததும் வீடியோக்களை வரிசையாகக் கொண்டுவந்து கொட்டும் முகப்புப் பக்கம் காலியாகிவிடும். வேண்டியதை நீங்களே தேடித்தான் பார்க்க வேண்டும்.

முடிவே இல்லாமல் ஓடும் இந்தத் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காக அவரே பின்னாளில் வெளிப்படையாக வருத்தப்பட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்திருந்தார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. அடுத்த ரீல் நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதுதான் உங்கள் கட்டைவிரலையும் ஓட்டுகிறது. உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குமைய வேண்டாம். போனைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். எழுப்புவதற்குச் சாதாரண அலாரம் கடிகாரம் போதும். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, மிகச் சின்னது. மது ஆர்டர் செய்யும் ஆப் ஏதாவது உங்கள் போனில் இருந்திருக்கும், அதை நீக்கியும் இருப்பீர்கள். ஆனால் அது இருந்த இடம் விரலுக்கு ஞாபகம் இருக்கும். நான் குடித்த நாட்களில் என் போனில் கீழ்வரிசையில் வலது ஓரத்தில் இருந்தது, வழக்கமாக எனக்கு வாங்கி வந்து தரும் ஒருவருடைய எண்ணுக்கான குறுக்குவழி. அதை அழித்துப் பல மாதங்கள் ஆனபிறகும் போனைத் திறந்தால் கட்டைவிரல் தானாக அந்த மூலைக்குப் போகும். வெறும் இடத்தைத் தட்டிவிட்டுத் திகைத்து நிற்பேன். கடைசியில் அதே இடத்தில், எனக்கு முன்பே குடியை விட்ட ஒரு நண்பரின் எண்ணை வைத்தேன், தொட்டால் நேராக அழைப்பு போகும்படி. விரல் பழைய இடத்துக்கே போகட்டும், அங்கே வேறு ஆள் இருக்கட்டும். உங்கள் போனிலும் விட்ஜெட் பகுதியில் இந்த வசதி இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் குடியை நிறுத்தி 3 மாதம் ஆகிறது. நம்ப ஆசையாக இருக்கிறது, முடியவில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் போனில் ஒரு கண்காணிப்பு ஆப் போடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எப்படிப் போடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே?

தெரியும் அம்மா. ஆனால் சொல்லித் தரமாட்டேன். உங்கள் பயம் நியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எத்தனை சத்தியங்கள் செய்து உடைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் செய்து உடைத்தவன்தான்.

டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். தெரிந்தே, மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்பவருக்கு அது ஒரு வேலி. சிலர் வீட்டில் இதையே குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். அது உயிரையே பறிக்கக்கூடியது. ரகசியக் கண்காணிப்பு ஆப்பும் அந்த வகைதான். அவருடைய செய்திகள், படங்கள், இருக்கும் இடம், கூடவே உங்களோடு பேசியதும் எல்லாம் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகும். இத்தகைய ஆப்களின் சர்வர்களிலிருந்து தகவல்கள் வெளியே கசிந்தது பலமுறை நடந்திருக்கிறது. சட்டப் பிரச்சினையும் வரலாம். என்றாவது அவர் கண்டுபிடித்தால், மறுபடி குடிக்க அதையே காரணமாகச் சொல்வார்.

அவரிடமே கேளுங்கள். "வர நேரமானால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தை எனக்குத் தெரியும்படி நீங்களே வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் கையாலேயே அதைப் போட்டுத் தருவதற்கும் நீங்கள் ஒளிந்து போடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மறுத்தால், அதைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கென்றும் ஓர் இடம் வேண்டும் அம்மா. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. இணைய வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம்.

கேள்வி: போன் வாங்கும்போதே இருந்த ஒரு ஆப்பை நீக்க முடியவில்லை. அழிக்கும் பட்டனே இல்லை.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று உள்ளே போய் அந்த ஆப்பைத் திறந்து, முடக்கும் பட்டனை அழுத்துங்கள். அதன்பின் அது இயங்காது, திரையிலும் தெரியாது. அந்தப் பட்டனும் இல்லையென்றால் கணினியோடு இணைத்து எடுக்க முடியும். எது போனின் இயக்கத்துக்குத் தேவையானது என்று தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். உங்கள் போனில் எது இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

கேள்வி: குடியிலிருந்து மீண்டவர்களின் கூட்டத்துக்குப் போகிறேன். நான்கு பேர் எண் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்றார்கள். ஆனால் ஆசை வரும் இரவுகளில் விரல் அழைப்புப் பட்டன் வரை போய்த் திரும்பிவிடுகிறது. அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று தோன்றுகிறது.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஏக்ரன் நகரம். பில் வில்சன் என்பவர் குடியை விட்டு அப்போது 5 மாதம். வந்த தொழில் காரியம் தோற்றுப்போய், ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியிடம் போனார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து முன்பின் தெரியாதவர்களுக்கு அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் போகும் கூட்டம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்றால், அது தொடங்கியது அந்தச் சந்திப்பில்தான்.

இதில் எனக்குப் பிடித்தது, பில் உபதேசம் செய்ய அழைக்கவில்லை, தான் குடித்துவிடாமல் இருக்க அழைத்தார். உங்கள் அழைப்பை எடுப்பவருக்கும் அப்படித்தான். இரவு ஒன்றரைக்கு என் போன் அடித்து, அரை மணி நேரம் பேசி வைத்த பிறகு, அடுத்த நாள் நானும் கொஞ்சம் பலமாக இருப்பேன். ஆசை என்பது அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கிவிடும். அதுவரை பேச ஓர் ஆள் போதும்.

என் போன் இரவு 10 மணிக்குத் தானாக அமைதியாகிவிடும். எந்த ஆப்பும் சத்தம் போடாது. ஆறு பேருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி விட்டிருக்கிறேன். உங்களுக்கு எண் கொடுத்த நால்வரும் அப்படி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதற்காக ஒருவரை இன்று பகலிலேயே அழையுங்கள், மனம் தெளிவாக இருக்கும்போது, இரண்டு நிமிடம். நாளை இன்னொருவரை. முதல் முறை அழைப்பதுதான் கடினம், அந்த முதல் முறை இரவு 2 மணிக்கு வர வேண்டாம்.