டிசம்பரை விட்டுவிடுங்கள், மார்ச்சில் போங்கள்

டிசம்பர் கடைசியில் அம்மாவோடு நார்வேயின் கரையோரமாக, பெர்கனிலிருந்து வடகோடியில் இருக்கும் கிர்கெனஸ் வரை கப்பலில் போகலாமா, ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அந்த நாட்களில், வழியில் வடக்கே வரும் ட்ரோம்சோ நகரத்தில் சூரியன் உதிக்கவே உதிக்காது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை அப்படித்தான். நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். மலையையும் பார்க்க வேண்டும், இரவு வானத்தில் பச்சையாக ஆடும் துருவ ஒளியையும் பார்க்க வேண்டும் என்றால் மார்ச் தோது.

இன்னொன்று, விளம்பரப் படத்தில் வரும் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குக் கப்பல் போவது கோடையில்தான். குறுகலான ட்ரோல்ஃபியோர்டுக்குள்ளும் பனிச்சரிவுப் பயத்தால் குளிர்காலத்தில் நுழைய மாட்டார்கள். இது தெரியாமல் பதிவு செய்துவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்!

அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றீர்களே, கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பூடோ ஊரைத் தாண்டி லோஃபோட்டன் தீவுகளுக்குப் போகும் வழியிலுள்ள வெஸ்ட்ஃபியோர்டு திறந்த கடல்; அன்று மாத்திரையை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். எனக்குக் கஞ்சி மாதிரி எதையாவது குடித்துவிட்டுப் படுத்ததுதான் உதவியது.

கோட்டுக்குச் செலவழிப்பதைவிட, காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டைக்குச் செலவழியுங்கள். துறைமுகத் தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். பல ஊர்களில் கப்பல் அரை மணி நேரம்கூட நிற்காது, அவசரத்தில்தான் வழுக்கும்.

அப்புறம், இரவில் துருவ ஒளி வந்தால் கப்பல்காரர்கள் எழுப்புவார்கள். கம்பளிச் சட்டையோடே தூங்குங்கள்.