பேஸ்பாலில் உங்களுக்குப் பிடித்த பிட்சர் (பந்து எறிபவர்) யார்? ஏன்?

ஜிம் அபட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். பிறவியிலேயே வலது கையில் உள்ளங்கையும் விரல்களும் கிடையாது. இருந்தும் 1989 முதல் 1999 வரை அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில் ஆடினார்.

இடது கையால் பந்து எறிவதில் வியப்பு ஒன்றுமில்லை. எறிந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை. கையுறையை வலது கை முனையில் சும்மா தொற்ற வைத்திருப்பார். பந்து விரலை விட்டதும் இடது கை அந்தக் கையுறைக்குள் புகுந்துவிடும். அடித்த பந்து அவரிடமே திரும்பி வந்தால் அதில் பிடித்து, கையுறையை வலது முன்கைக்கும் உடம்புக்கும் நடுவில் இடுக்கி, கையை உருவிப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிவார். மட்டையாளர் ஓடிச் சேர்வதற்குள் இத்தனையும் முடிந்திருக்கும்.

1993 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக, கிளீவ்லாந்து அணிக்கு ஒரு ஹிட் கூட (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸைச் சேர்வது) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்தார். இதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். ஆறு நாள் முன்புதான் அதே அணி அவரை வெளுத்து வாங்கியிருந்தது. கடைசி இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் கென்னி லாஃப்டன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடப் பார்த்தார். அப்படித் தட்டினால் பெரும்பாலும் பிட்சரே ஓடிவந்து பந்தை எடுத்து எறிய வேண்டியிருக்கும். அரங்கமே அவரைக் கூச்சலிட்டுத் திட்டியது. எனக்கென்னவோ லாஃப்டன் செய்தது நியாயம்தான். அபட்டை மற்ற பிட்சர்களைப் போலத்தானே நடத்தினார்?

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிட்சராக அவர் பெயரில் எழுதப்பட்ட கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி. 1991இல் 18 வெற்றி பெற்றவர், 1996இல் 2 வென்று 18 தோற்றார். எறியும் வேகம் போய்விட்டது. கை இல்லாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1997 முழுக்க ஆடவில்லை. 1998இல் கீழ்நிலை லீக்குகளில் தொடங்கி மேலே வந்து, சிகாகோ வொயிட் சாக்ஸுக்காக ஐந்து ஆட்டங்களில் எறிந்து ஐந்தையும் வென்றார். எனக்கு நோ-ஹிட்டரை விட இந்த ஐந்து ஆட்டங்கள்தான் பெரிது.

1999இல் மில்வாக்கி அணியில் மட்டையும் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு ஹிட் அடித்தார்! அத்துடன் ஓய்வு.

யூடியூபில் தேடினால் நோ-ஹிட்டர் கொண்டாட்டம்தான் முதலில் வரும். அதை விட்டுவிட்டு, பந்து தரையில் உருண்டு அவரிடமே வரும் காட்சி எதையாவது மெதுவான வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்.